407-க்கு ரெடி இன்ஜின் வாங்கலாமா, இருக்கிற இன்ஜினையே பிரித்துக் கட்டலாமா?

களக்காடு வாழைத்தார்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். 2008 மாடல் டாடா 407 வைத்திருக்கிறேன், டர்போ இல்லாத 497 இன்ஜின். களக்காட்டில் வாழைத்தார் ஏற்றி பணகுடி, ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போகிற வண்டி. தார் வெட்டு இல்லாத சமயம் எம்-சாண்ட், ஜல்லி, செங்கல் என்று எது கிடைத்தாலும் அடிப்பேன். கொஞ்ச காலமாக ஆயில் குடிக்கிறது, பின்னால் நீலப் புகை. ஆடிக் காற்றுக்கு எதிரே லோடோடு ஆரல்வாய்மொழி தாண்டுவதென்றால் மூன்றாவது கியருக்கு மேல் எடுக்க மாட்டேன் என்கிறது, பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதே இல்லை. சூடேறிய பிறகு ஐடிலில் நிறுத்தினால் ஆயில் பிரஷர் முள் கீழே போய்ப் படுத்துவிடுகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை.

மெக்கானிக் இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்கிறார். எவ்வளவு ஆகும் என்று கேட்டால் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார். இதற்கிடையில் ஒரு புரோக்கர் மூலமாக வெளியூர் பார்ட்டி ஒருவர், முழு வேலை பார்த்த இன்ஜின் ரெடியாக இருக்கிறது, பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு மேலே 85,000 ரூபாய் தந்தால் உடனே மாட்டிக்கொண்டு போகலாம் என்கிறார். போட்டோவும் வந்திருக்கிறது, புது பெயிண்டில் பளபளவென்று இருக்கிறது. ஆறு மாதம் கேரண்டி, ஆனால் எல்லாம் வாய் வார்த்தைதான். வண்டி பட்டறையில் நின்றால் வியாபாரிகள் வேறு வண்டியைப் பிடித்துவிடுவார்கள், அதுதான் பெரிய கவலை. எது நல்லது, சொல்லுங்கள்.

பேட்டை டீசல்:

தம்பி, இன்ஜின் ஏன் போனது என்று முதலில் கண்டுபிடியுங்கள், புதுசு வாங்குவது அப்புறம். எம்-சாண்ட் அடிக்கிற வண்டி என்கிறீர்கள். ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நைசாகத் தூசி ஒட்டினால் ஹோஸ் எங்கேயோ கிழிந்திருக்கிறது, இல்லையென்றால் கிளிப் பிடிக்கவில்லை. அந்தத் தூசிதான் பிஸ்டன் ரிங்கையும், பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் உள்சுவரான போரையும் தின்றிருக்கிறது. அதைச் சரி பண்ணாமல் எந்த இன்ஜினை ஏற்றினாலும் அதற்கும் இதே கதிதான். பேரிங் தேய்ந்த இன்ஜினில் உலோகத் துகள் ஆயில் கூலரிலும் ஆயில் பாதையிலும் போய் உட்கார்ந்திருக்கும். பழைய கூலரை அப்படியே கழற்றி வேலை பார்த்த இன்ஜினில் மாட்டினால், ஸ்டார்ட் பண்ணின உடனே அந்தத் துகள் புது பேரிங்குக்குப் போய்ச் சேரும்.

அந்த பார்ட்டி சொல்கிற முழு வேலையில் என்னென்ன செய்திருக்கிறார் என்று கேளுங்கள். ரிங், பேரிங், கேஸ்கட் மட்டும் மாற்றி அடைத்து, பெயிண்ட் அடித்து விற்கிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். போரை அளந்து, தேய்ந்திருந்தால் லைனர் (சிலிண்டர் உள்ளுறை) மாற்றி, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) கிரைண்டிங் கொடுத்து, ராடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற தண்டு) வளைவு பார்த்து, ஹெட் ஃபேசிங், வால்வு, கைடு, சீட், ஆயில் பம்ப் எல்லாம் பார்த்து, டீசல் பம்ப்பையும் நாசிலையும் பெஞ்சில் வைத்து கேலிபரேஷன் பண்ணினால்தான் அதற்கு முழு வேலை என்று பெயர். இதில் கிராங்க் எந்த அளவில் நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். 0.25, 0.50, 0.75, 1.00 மில்லி என்று படிப்படியாகத்தான் அறுத்துக்கொண்டு போவார்கள், 1.00-க்கு வந்துவிட்ட கிராங்க்குக்கு அடுத்த தடவை கிடையாது, வேறு கிராங்க்தான் வாங்க வேண்டும். உங்கள் கிராங்க்கில் இதுவரை யாரும் கை வைக்கவில்லை என்றால், அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு எவனோ ஓட்டித் தேய்த்த கடைசி அளவுக் கிராங்க்கை 85,000 போட்டு வாங்குவது என்ன கணக்கு?

பிளாக் வெடிக்கவில்லை, ராடு உடைந்து வெளியே வரவில்லை என்றால் நான் உங்கள் இன்ஜினைத்தான் கட்டுவேன்.

பாவூர் லோடு:

அண்ணாச்சி சொல்வதெல்லாம் சரி, ஆனால் ரெடி இன்ஜின் என்றாலே மோசம் என்று தள்ளிவிட வேண்டாம். நான் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி புளியரை வழியாக கேரளா போகிறவன், சீசனில் வண்டியை நிறுத்தினால் பிழைப்பே போய்விடும், அதனால் ரெடி இன்ஜின்தான் வாங்கினேன். முதலில் பார்த்த இடத்தில் சம்ப்பை, அதாவது இன்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியை, கழற்றிக் காட்டுங்கள் என்றேன். சீல் வைத்த இன்ஜின், திறந்தால் கேரண்டி போய்விடும் என்றார். பேப்பரிலேயே இல்லாத கேரண்டி எங்கே போகும்? வந்துவிட்டேன். அடுத்த இடத்தில் அவரே பையனைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார். ராடைக் கிராங்க்கோடு பிடிக்கிற பிக் எண்ட் கேப் ஒன்றை எடுத்து, உள்ளே இருக்கிற பேரிங் ஷெல்லைத் திருப்பினால் முதுகில் 0.25 என்று அடித்திருந்தது, பக்கத்திலேயே கம்பெனி மார்க். கிராங்க்கில் பேரிங் உட்காருகிற ஜர்னல் மேல் நகத்தை வைத்து இழுத்தேன், எங்கும் தட்டவில்லை. சம்ப் மூலையில் டார்ச் அடித்தால் பழைய கசடு துளி இல்லை. லேத் பில்லைக் கேட்டேன், அதில் எழுதியிருந்த அளவும் ஷெல்லில் இருந்த அளவும் ஒன்றாகவே இருந்தன. அதற்குப் பிறகுதான் விலையே பேசினேன். இன்றைக்கும் புளியரை வளைவில் முழு லோடோடு முனகாமல் ஏறுகிறது.

ஓட்டிக் காட்டச் சொல்லும்போது குளிர்ந்த இன்ஜினைத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டும். போனதும் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள், நீங்கள் வருவதற்கு முன்னாலேயே சூடு பண்ணி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். அப்புறம் 85,000 எதுவரைக்கும் என்று கேட்டீர்களா? பம்ப், ஸ்டார்ட்டர், டைனமோ, ஃபிளைவீல் சேர்த்தா, வெறும் இன்ஜினா? பழைய இன்ஜினை முன்கூட்டியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்; புதுசு ஓடி நிற்கும் வரை அது உங்கள் பட்டறையிலேயே கிடக்கட்டும்.

கொக்கிரகுளம்:

எல்லாரும் கிராங்க்கைப் பற்றியே பேசுகிறீர்கள், நம்பரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. ரெடி இன்ஜின் என்பது வேறொரு வண்டியின் பிளாக், அதில் அந்த வண்டியின் நம்பர் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி இன்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டி ஃபைனான்சில் இருந்தால் அவர்களுடைய எழுத்துச் சம்மதமும் வேண்டும். எங்கே வாங்கினீர்கள் என்பதற்கு ஒழுங்கான பில் இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது, புரோக்கர் துண்டுச்சீட்டு எல்லாம் செல்லாது. 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, அங்கே இன்ஸ்பெக்டர் நம்பரைத் துடைத்துப் பார்க்கும்போது ஆர்.சி.யில் ஒன்று, பிளாக்கில் வேறொன்று என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும். விபத்து என்று ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் சர்வேயரும் அதையேதான் பார்ப்பார்.

நம்பர் அடித்திருக்கிற இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்து வரிசை கோணலாக இருக்கிறது, சுற்றிலும் கிரைண்டர் கோடு தெரிகிறது, அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் கனமாக இருக்கிறது என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்தால் ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், புரோக்கர் போனையே எடுக்க மாட்டார். இன்னும் சிலர், உங்கள் பழைய நம்பரையே இதில் அடித்துத் தருகிறோம், ஆர்டிஓ பக்கமே போக வேண்டாம் என்பார்கள். அப்படி ஒரு பேச்சு வந்தால் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுங்கள். சொந்த பிளாக்கையே கட்டினால் இந்தத் தலைவலி ஒன்றுமே இல்லை.

வள்ளியூர் 1613:

டாடாவே புரோலைஃப் என்ற பெயரில் ரீகண்டிஷன் இன்ஜினை எக்ஸ்சேஞ்சில் தருகிறது, டீலரிடம் சேசிஸ் நம்பரைச் சொல்லி உங்கள் மாடலுக்குக் கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வெளியே வாங்குவதை விட விலை கூடத்தான் இருக்கும், ஆனால் பில்லும் வாரண்டியும் காகிதத்தில் வரும். அப்புறம், 497 என்றால் நாலு சிலிண்டர், 97 மில்லி போர், அவ்வளவுதான். டர்போ இன்ஜினும் 497-தான், டர்போ இல்லாததும் 497-தான். பிஸ்டன், பம்ப் எல்லாம் வேறு. புரோக்கர் அனுப்பின போட்டோவில் இருப்பது எது என்று யார் கண்டது.

களக்காடு வாழைத்தார்:

எல்லாருக்கும் நன்றி. பேட்டை அண்ணாச்சி சொன்ன மாதிரியே ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன். அடிப்பக்கம், கிளிப்பை ஒட்டி விரல் நீளத்துக்குக் கிழிசல், மேலே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. உள்ளே தொட்டால் நறநறவென்று எம்-சாண்ட் தூசி. பார்ட்டிக்கும் போன் போட்டேன். கிராங்க் என்ன அளவு என்றால் ‘அதெல்லாம் ஸ்டாண்டர்டுதான், நம்புங்க’ என்கிறார். சம்ப் கழற்றுவீர்களா என்றால் பேச்சை மாற்றுகிறார். நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ கேட்டேன், இன்னும் வரவில்லை. டீலரிடம் விசாரித்தேன், நம்ம கைக்கு அடங்காது. அதனால் என் இன்ஜினையே இறக்குகிறேன், ஃபைனான்ஸ் முடிந்த வண்டி, பிளாக்கும் நன்றாகவே இருக்கும் என்று மெக்கானிக் சொல்கிறார்.

ஒரு சந்தேகம். வேலை முடிந்ததும் இரண்டு நாள் ஐடிலில் ஓட விட வேண்டும் என்று இங்கே ஒருவர் சொல்கிறார். அது சரியா?

பேட்டை டீசல்:

அந்த வேலையே வேண்டாம். லோடு இல்லாமல் மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தால் ரிங் போரில் சேராது, போர் வழுவழுவென்று ஆகிவிடும், அப்புறம் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் ஆயில் குடிப்பது நிற்காது. முதல் தடவை டீசலை அடைத்துவிட்டு ஸ்டார்ட்டரில் மட்டும் விட்டு விட்டுச் சுற்றுங்கள், பிரஷர் முள் எழும்பின பிறகு டீசலைத் திறங்கள். சூடேறினதும் ரோட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். பாதி லோடு, நாங்குநேரி வள்ளியூர் பக்கம் நாலுவழிச் சாலையில் ஒரே வேகத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முழுத் தாரும் ஏற்றி ஆரல்வாய்மொழிக் காற்றில் கொண்டுபோய் முக்க விட வேண்டாம், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. முதல் ஆயிலை வழக்கத்துக்கு முன்னாலேயே மாற்றுங்கள், மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டி விரித்து உள்ளே மினுமினுப்பு இருக்கிறதா பாருங்கள். டேப்பெட்டையும் (வால்வு இடைவெளி) அப்போதே ஒரு தடவை செட் பண்ணச் சொல்லுங்கள்.

மைக்கோ பம்ப்பை, அதாவது டீசல் பம்ப்பை விட்டுவிடாதீர்கள். 2008-லேயே கம்பெனி பெயர் பாஷ் என்று மாறிவிட்டது, ஆனால் நம்ம பக்கம் இன்னும் மைக்கோதான். பம்ப் கூடுதலாக டீசல் ஊற்றினால் புது பிஸ்டனும் கருகும். கிராங்க் அளவையும் போர் அளவையும் லேத்தில் எழுதி வாங்கி வையுங்கள், நாளைக்கு வண்டியை விற்றாலும் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு உண்டு.

பாவூர் லோடு:

இன்ஜின் கீழே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின் ஆயில் சீல் மூன்றையும் பார்த்து மாற்றிவிடுங்கள். அதற்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்கினால் கூலி தண்டம். வேலை முடிகிறவரை தார் லோடு கைவிட்டுப் போகக் கூடாது என்றால், எங்கள் ஊரில் தெரிந்தவர் 407 ஒன்று டிரைவர் இல்லாமல் சும்மா நிற்கிறது, வாடகை பேசி வாங்கித் தருகிறேன். தனி மெசேஜ் போடுங்கள்.