கனடா வடக்குப் பக்கம் ஃப்ளைட்ல போனவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். வேலை விஷயமா யெல்லோநைஃப்ல இருந்து இனுவிக் போக வேண்டி வந்துச்சு, ரெண்டும் கனடா வடக்குல நார்த்வெஸ்ட் டெரிட்டரீஸ்ங்கற பிரதேசத்துல இருக்கற ஊருதான், ஃப்ளைட்டுக்கு நேர்கோட்டுல 1,090 கிமீ கிட்ட வரும், நம்ம சென்னை மும்பை தூரத்துக்கு கொஞ்சம் கூட. ஆனா கார்ல போகணும்னா நேர் வழியே கிடையாதுங்க, தெற்க இறங்கி பிரிட்டிஷ் கொலம்பியா, யூகான்னு சுத்தி டாசன்ங்கற ஊர் கிட்ட இனுவிக் போற டெம்ப்ஸ்டர் ஹைவேய புடிக்கணும், 3,000 கிமீக்கு மேல ஆயிடும். அந்த ரோடும் ஆறு உறையற சமயத்துலயும் உருகற சமயத்துலயும் கட், ஏன்னா ரெண்டு ஆத்துல பாலமே இல்ல, கோடைல ஃபெர்ரி, குளிர்ல ஐஸ் மேலயே வண்டி போகும்.

ஃப்ளைட்ல முன்பாதி முழுக்க சரக்கு, நடுவுல ஒரு தடுப்பு, நாம ஏறுறது வால் பக்கத்து படில. பக்கத்து சீட்ல ஒரு சின்ன பொண்ணு, கைல பச்சக் குழந்தை. வழில இருக்கற நார்மன் வெல்ஸ்ங்கற ஊர்ல இறங்கணும்னு சொன்னாங்க, அங்க பிரசவம் பாக்க வசதி இல்லையாம், தேதிக்கு ரொம்ப முன்னாடியே யெல்லோநைஃப் வந்து தங்கி பெத்துட்டு இப்பதான் ஊருக்குத் திரும்பறாங்களாம். அந்த ஊருக்கு குளிர்காலத்துல மட்டும்தான் ரோடு. கதவு திறந்ததும் உள்ள வந்த காத்துல எனக்கு பல்லு கிட்டிருச்சு, அவங்க குழந்தைய கோட்டுக்குள்ள சொருகிட்டு சரசரன்னு இறங்கிட்டாங்க, கீழ குடும்பமே வந்து நின்னுச்சு. இத்தன கிமீனு நாம தூரத்த சாதாரணமா சொல்றோம், அவங்களுக்கு அது ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ தூரம்ங்கற கணக்கு.

*

அருமையான பகிர்வுங்க. நான் கனடா வடக்குலயே இன்னொரு பிரதேசமான நூனவுட் பக்கம், இக்கலுயிட்ல இருந்து ரேங்கின் இன்லெட் போயிருக்கேன், அதுவும் கிட்டத்தட்ட 1,175 கிமீ. நூனவுட்ல 25 ஊரு இருக்கு, ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு ரோடே இல்ல. ரேங்கின் இன்லெட் மேப்ல கொஞ்சம் தெற்க இருக்கு, ஆனா ஃப்ளைட் கிளம்பினதும் மேற்கால, அதுவும் லேசா வடக்கு சாஞ்சு போகுது, பூமி உருண்டைங்கறதால அதுதான் குறுக்கு வழி. சுவத்துல மாட்டற மேப்ப வச்சு தூரத்த கணக்கு போடாதீங்க, வழக்கமான மெர்கேட்டர் மேப் அவ்ளோ வடக்க இருக்கற தூரத்த எல்லாம் ரெண்டு மடங்குக்கு மேல இழுத்துக் காட்டும்.

*

நான் இனுவிக்லயே கொஞ்ச நாள் இருந்தேன். ஃபெர்ரி நின்னு ஐஸ் ரோடு இன்னும் திறக்காத வாரங்கள்ல பால், காய்கறி எல்லாம் ஃப்ளைட்லதான் வரணும், விலையும் ஏறிடும். பனிமூட்டம்னு ஃப்ளைட் வராத அன்னிக்கு கடைல தக்காளி இருந்த ரேக் காலியா கிடக்கும், அங்க வேலை பாக்கறவங்க நாளைக்கு வாங்கன்னு கூட சொல்ல மாட்டாங்க, ஃப்ளைட் இறங்கட்டும்னுதான் சொல்வாங்க.