ரொமாண்டிக் நிலக்காட்சிகளில் மலை எதைக் குறிக்கிறது?

கேள்வி:
ரொமாண்டிக் கால (உணர்ச்சிக்கும் இயற்கைக்கும் முதன்மை தந்த, 1800ஐ ஒட்டிய ஐரோப்பியக் கலைக்காலம்) நிலக்காட்சிகளைப் பற்றி எழுதுவோர் பலரும் மலையைக் கண்டவுடன் ‘இறைமை’ என்றோ ‘எல்லையின்மை’ என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் போன்றோர் அப்படி எண்ணித்தான் வரைந்தார்களா, அல்லது அது பிற்காலத்தார் ஏற்றிய பொருளா? செபியா (பழுப்பு மை) ஓவியங்களையும் கணக்கில் கொண்டு விளக்கினால் நன்று.

மறுமொழி 1:
ஃபிரீட்ரிக்கைப் பொறுத்தவரை அது பிறர் ஏற்றிய பொருள் அன்று. மலையுச்சியில் சிலுவை நிற்கும் அவருடைய 1808ஆம் ஆண்டு பலிபீட ஓவியத்தைக் கண்டு, நிலக்காட்சி பலிபீடத்தில் ஏறுவதா என்று ராம்டோர் என்னும் விமர்சகர் 1809இல் சாடியபோது, பாறை அசையாத விசுவாசத்தையும் என்றும் பசுமை மாறாத ஊசியிலை மரங்கள் மனிதரின் நம்பிக்கையையும் குறிப்பதாக ஓவியரே விளக்கம் எழுதினார்.

மறுமொழி 2:
அந்த விளக்கத்தை அகராதிபோல எல்லா ஓவியங்களுக்கும் பொருத்துவது தவறு என்பேன். ஃபிரீட்ரிக் வெளியிடங்களில் பாறைகளையும் மரங்களையும் அப்படியே கோட்டோவியமாகப் பதிந்துகொண்டு, பின்னர் வெவ்வேறு இடங்களின் பதிவுகளை ஒரே காட்சியில் இணைத்தவர். ஆல்ப்ஸுக்கு ஒருமுறையும் போகாத அவர், அங்குள்ள வாட்ஸ்மன் சிகரத்தை (1824–25) மாணவர் ஒருவரின் நீர்வண்ண ஓவியத்தைக் கொண்டு தீட்டி, அதன் முன்னே வட ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப் பாறையொன்றை வைத்தார். ஆகவே பொருள் தனி மலையில் இல்லை, அதை எங்கே நிறுத்தினார் என்பதில் இருக்கிறது. அவருடைய பல படைப்புகளில் இருண்ட முன்னிலம் சட்டென்று முடிந்துவிட, நடுநிலத்தை மூடுபனி விழுங்க, அதற்கப்பால் மலை எழுகிறது. பாதையே இல்லாத அந்த இடைவெளிதான் எட்டமுடியாமையைச் சொல்கிறது. மையை நீர்க்க நீர்க்கத் தடவித் தொலைவை மங்கச் செய்யும் செபியா முறை இதற்கு மிகவும் உகந்தது. 1805இல் ஜெர்மனியின் வைமர் நகரில் நடந்த ஓவியப் போட்டியில் அவருக்குப் பரிசு கிடைத்ததும் செபியா ஓவியங்களுக்கே.

மறுமொழி 3:
இங்கிலாந்தின் சாமுவேல் பால்மர் 1825இல் வரைந்த ஆறு செபியா ஓவியங்கள் இதற்கு நேர்மாறானவை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள அவற்றில் நிலம் உருண்டு திரண்டு, பார்ப்பவருக்கு மிக அருகில், கதிரும் மரமும் அடர்ந்து நிற்கிறது. அச்சமூட்டும் உயரம் அங்கே இல்லை, குன்றுகள் அரவணைக்கின்றன. இரண்டுமே சமய உணர்வுதான் என்றாலும், ஒன்றில் இறைவன் தொலைவில் இருக்கிறான், மற்றொன்றில் விளைச்சலாகவே வந்துவிட்டான். இன்னொரு போக்கும் உண்டு: ஃபிரீட்ரிக்கின் நண்பரும் மருத்துவருமான காருஸ், நிலக்காட்சி பற்றி 1831இல் வெளியிட்ட கடிதங்களில், ஓவியம் பூமியின் உயிரோட்டத்தைக் காட்டவேண்டும் என்றார். அவர் வழியில் பார்த்தால், ஒரு மலையின் வடிவம் முதலில் அது உருவான வரலாற்றையே சொல்ல வேண்டும்.