ஹோம்ஸ்டே விருந்தினருக்கும் வீட்டுக்கும் ஒரே வைஃபை: வைரஸ் பரவாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

இலைக்கணக்கு (கோத்தகிரி):
வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறோம், கீழே நாங்கள். மொத்தத்துக்கும் ஒரே ஃபைபர் இணைப்பு, ஒரே ரவுட்டர். சீசனில் வருகிறவர்கள் லேப்டாப்போடு வந்து இங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறார்கள், வைஃபை பாஸ்வேர்டு தராமல் இருக்க முடியாது. கீழே அப்பாவின் விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில்தான் பச்சைத் தேயிலைக் கணக்கு முழுவதும் இருக்கிறது. எந்த ஃபேக்டரிக்கு எத்தனை கிலோ போட்டோம், யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி, எல்லாம். தங்கையும் அவள் லேப்டாப்பில் திறந்து எழுதும்படி அந்த ஃபோல்டரை ஷேர் செய்திருக்கிறோம். போன வாரம் ஒரு விருந்தினர் டிக்கெட் பிரிண்ட் கேட்டுக் கொடுத்த பென்டிரைவைச் செருகினோம். அப்புறம் எங்கள் பென்டிரைவைப் போட்டால் அதில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிகிறது. இது வைஃபை வழியாகத் தங்கை லேப்டாப்புக்கும் போகுமா? எல்லாவற்றுக்கும் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கிவிட்டால் போதுமா?

குன்னூர்_மழை:
முதலில் அந்த ஷார்ட்கட் எதையும் கிளிக் செய்யாதீர்கள். ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஷார்ட்கட்டைத் திறந்தால் வைரஸ் ஓடும். அப்பா கம்ப்யூட்டரின் நெட் இணைப்பை எடுத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். அது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுவதும் ஏறும் முன்பே தேடும். பென்டிரைவையும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள்.

இந்த ஷார்ட்கட் வகை பென்டிரைவில் பயணம் செய்வது. ஒரே வைஃபையில் இருப்பதாலேயே தங்கை லேப்டாப்புக்குப் போய்விடாது. ஆனால் நெட்வொர்க்கில் தானாகப் பரவுகிற வகையும் உண்டு. 2017 மே மாதம் வந்த வான்னாக்ரை அப்படித்தான், விண்டோஸின் ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே பக்கத்து கம்ப்யூட்டருக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அதனால் ஆன்டிவைரஸ் வாங்குவது எனக்கு மூன்றாவது வேலை. விருந்தினரைத் தனி நெட்வொர்க்குக்கு மாற்றுவது முதல் வேலை, அப்டேட் இரண்டாவது.

ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தினருக்கான தனி வைஃபை) இருந்தால் அதை ஆன் செய்து வேறு பாஸ்வேர்டு வையுங்கள். அதற்குள்ளேயே, விருந்தினர் வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்கலாமா என்று ஒரு ஆப்ஷன் இருக்கும், அது ஆஃபில் இருக்க வேண்டும். வீட்டு வைஃபை பாஸ்வேர்டை இதுவரை பலருக்குக் கொடுத்திருப்பீர்கள், அதையும் உடனே மாற்றுங்கள்.

லவ்டேல்வாசி:
கெஸ்ட் வசதி இல்லாத ரவுட்டர் பெட்டியைத்தான் நிறைய இடங்களில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். இல்லையென்றால் இன்னொரு ரவுட்டர் வாங்குங்கள். ஆனால் பலரும் இங்கே தலைகீழாகச் செய்கிறார்கள், புது ரவுட்டரை விருந்தினருக்குக் கொடுத்துவிட்டு வீட்டைப் பழையதிலேயே விடுகிறார்கள். அப்படி வைத்தால் விருந்தினர் லேப்டாப் உங்கள் கம்ப்யூட்டரை எட்ட முடியும். பழைய பெட்டியின் வைஃபை விருந்தினருக்கு. அதிலிருந்து ஒரு கேபிளைப் புது ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைப்பு வரும்) போர்ட்டில் செருகி, வீட்டில் உள்ள எல்லாம் புது ரவுட்டருக்குப் பின்னால் போக வேண்டும். லான் (LAN, வீட்டுக் கம்ப்யூட்டர்களை மாட்டும்) போர்ட்டில் செருகினால் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும், வாங்கியதே வீண்.

நம் மலையில் இன்னொரு தொல்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து ஃபைபர் அறும், இடியில் பெட்டி போகும், சரி செய்ய வருகிற தம்பி பெட்டியை மாற்றுவார் அல்லது ரீசெட் செய்வார். அதோடு நீங்கள் வைத்த அட்மின் பாஸ்வேர்டு (ரவுட்டர் செட்டிங்கைத் திறப்பது), கெஸ்ட் செட்டிங் எல்லாம் போய், கம்பெனியில் வந்த பாஸ்வேர்டே திரும்ப வந்திருக்கும். சரி செய்ய யார் வந்து போனாலும் அன்றைக்கே ரவுட்டர் செட்டிங்கின் உள்ளே போய்ப் பாருங்கள்.

வாசலில் கேமரா இருக்கிறதா? அதைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது பெரிய வித்தையால் அல்ல, யாரும் மாற்றாத பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்துத்தான்.

குந்தா_கணினி:
எனக்குக் கவலை அந்த ஷேர் ஃபோல்டர்தான். தங்கை லேப்டாப்பில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) ஏறினால், அவளால் எழுத முடிகிற ஃபோல்டரை அதுவும் பூட்டிவிடும், அப்பா கம்ப்யூட்டரில் வைரஸே இல்லாவிட்டாலும் கணக்கு போய்விடும். 'எவ்ரிஒன்' என்று யாருக்கும் திறந்து வைத்திருந்தால் உடனே எடுங்கள், தங்கை பெயருக்கு மட்டும், பாஸ்வேர்டோடு கொடுங்கள். கணக்கை வாராவாரம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டுடிஸ்கில் காப்பி எடுத்து, எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். மாட்டியே விட்டால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும், அது பேக்கப்பே இல்லை. ஷார்ட்கட் வைரஸ் போய்விட்டது என்று உறுதியான பிறகு முதல் காப்பி எடுங்கள்.

விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்திருந்தால் மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாருங்கள். அப்பா தினமும் வேலை செய்வதற்கு அட்மின் (முழு அதிகாரம்) இல்லாத சாதாரண அக்கவுண்ட் போதும்.

இலைக்கணக்கு (கோத்தகிரி):
எல்லோருக்கும் நன்றி அண்ணா. ஆஃப்லைன் ஸ்கேனில் ஒன்று பிடித்து நீக்கியது, மறைந்திருந்த ஃபைல்களும் கிடைத்துவிட்டன. ரவுட்டரில் கெஸ்ட் ஆப்ஷன் இருக்கிறது, போட்டுவிட்டேன். ஆனால் விருந்தினர் பிரிண்ட் கேட்டால் என்ன செய்வது? பிரிண்டர் எங்கள் நெட்வொர்க்கில் அல்லவா இருக்கிறது?

குன்னூர்_மழை:
பிரிண்டர் அங்கேயே இருக்கட்டும். டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லி, உங்கள் மொபைலிலிருந்தே பிரிண்ட் கொடுங்கள். வைஃபை பிரிண்டர் என்றால் அதன் ஆப் போதும். பென்டிரைவை நீட்டினால் வாங்க வேண்டாம், அறையில் வைஃபை பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருக்கும் அட்டையிலேயே பிரிண்ட் வேண்டுமானால் எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.