கேம்கார்டர் வீடியோ எக்ஸ்போர்ட்: பிட்ரேட் ஏத்தியும் கோடு போகல, என்ன செட்டிங் வைக்கணும்?

கேள்வி:
வீட்ல கேம்கார்டர்ல எடுத்தது நிறைய கெடக்கு, எல்லாம் ஏவிசிஎச்டி (கேம்கார்டர் பதியற ஃபார்மேட்), எம்டிஎஸ் ஃபைல், 1080 50ஐ. வேண்டாததை வெட்டிட்டு வருஷவாரியா சேத்து வைக்கலாம்னு பாத்தா, எக்ஸ்போர்ட் பண்ணதுல யாராவது கை ஆட்டினா ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா வருது. பிட்ரேட்ட (செகண்டுக்கு எவ்வளவு டேட்டாங்கறது) 50 எம்பிபிஎஸ் வரைக்கும் ஏத்திட்டேன், ஃபைல்தான் வீங்குது. குவாலிட்டி கொறையாம டிவிலயும் போன்லயும் ஓடணும். என்ன வைக்கலாம்?

பதில் 1:
கோட்டுக்கும் பிட்ரேட்டுக்கும் சம்பந்தமே இல்லங்க. 50ஐ-ங்கறது இன்டர்லேஸ்டு, செகண்டுக்கு 50 ஃபீல்டு, ஒண்ணுல ஒத்தப்படை வரி மட்டும், அடுத்ததுல இரட்டைப்படை வரி மட்டும், ரெண்டுக்கும் நடுவுல 1/50 செகண்டு ஓடிடுது, அதுக்குள்ள கை நகந்துடும், ரெண்டையும் ஒரே ஃபிரேமா ஒட்டினா கோடு வரத்தானே செய்யும்? டீஇன்டர்லேஸ் பண்ணுங்க, அதாவது ஃபீல்ட முழு ஃபிரேமா மாத்துங்க. 25பி (செகண்டுக்கு 25 முழு ஃபிரேம்) ஆக்கிடாதீங்க, பாதி அசைவு போயிடும், 50பி-யே வைங்க. ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்தற சாஃப்ட்வேர்ல Bwdif-ங்கற டீஇன்டர்லேஸ் ஃபில்டர்ல பாப்-னு ஒரு ப்ரீசெட் இருக்கு, அத எடுத்துட்டு ஃபிரேம் ரேட் 50, வீடியோ எச்.264, ஆர்எஃப் (குவாலிட்டி நம்பர்) 17 இல்ல 18. அந்த நம்பர் கொறைய கொறைய குவாலிட்டி கூடும், ஆனா 16-க்கு கீழ போறது டிஸ்க்குக்குத்தான் கேடு. சவுண்டு ஃபார்மேட் ஏஏசி, போன்ல பிரச்சினை வராது.

பதில் 2:
மேல சொன்னது சரி. ஆனா எக்ஸ்போர்ட் ஆச்சுன்னு ஒரிஜினல அழிச்சிடாதீங்க ப்ளீஸ், எந்த செட்டிங்ல எடுத்தாலும் அது காப்பிதான், கேமரா பதியாதது எதுவும் புதுசா வந்துடாது. ஒரிஜினல் 24 எம்பிபிஎஸ்னே வச்சாலும் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 11 ஜிபிதான். கார்டுல இருக்கற ஃபோல்டர அப்படியே முழுசா காப்பி பண்ணுங்க, எம்டிஎஸ்ஸ மட்டும் பொறுக்காதீங்க. நீளமான ஷாட்ட கேமரா துண்டு துண்டாதான் எழுதும், தனித்தனியா எடுத்து ஒட்டினா சேர்ற எடத்துல சவுண்டு லேசா வெட்டலாம்.

கேள்வி கேட்டவர்:
ஓ, அதான் பாட்டுக்கு நடுவுல டக்னு வெட்டுதா! சரி, 4கே-வா எக்ஸ்போர்ட் பண்ணா ஷார்ப்பா வருமா? பழைய மினிடிவி டேப்பும் கொஞ்சம் இருக்கு, அதுக்கும் இதே செட்டிங்தானா?

பதில் 1:
வீட்டுல பாக்க 4கே வேஸ்ட், டிவியே பெருசாக்கிக் காட்டும். யூட்யூப்ல போடறதா இருந்தா மட்டும் பிரயோஜனம், அவங்க எப்படியும் மறுபடி அமுக்கி சைஸ கொறைப்பாங்க, 4கே-வா ஏத்தினா அதுக்கு பிட்ரேட் தாராளமா கெடைக்கும்.

மினிடிவில ஃபீல்டு ஆர்டர் (எந்த வரி மொதல்ல வருதுங்கறது) தலகீழ். ஏவிசிஎச்டில அப்பர் ஃபர்ஸ்ட், மினிடிவில லோயர் ஃபர்ஸ்ட், மாத்திக் கொடுத்தா படம் முன்னும் பின்னுமா உதறும். அது 720 × 576 தான், அதே சைஸ்ல விடுங்க, 4:3-யா 16:9-ஆன்னு மட்டும் பாத்துக்கோங்க, இல்லன்னா எல்லாரும் குண்டாவோ ஒல்லியாவோ தெரிவாங்க. மொத்தத்தையும் ஓட விடறதுக்கு முன்னாடி யாராவது ஓடற ஆடற 30 செகண்டு மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி டிவில பாத்துடுங்க, சும்மா உக்காந்திருக்கற சீன்ல இந்த கோளாறெல்லாம் தெரியவே தெரியாது.