கன்றுக் குறிப்பேட்டில் அம்மாவின் கையெழுத்து: கௌபாய்க் காதல் நாவல் அனுபவங்கள்

மாம்பலம் வாசகி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் பண்ணையில் நடக்கும் அந்தக் கௌபாய்க் காதல் நாவலை முடித்துப் பதினோரு நாளாகிறது. கதை இதுதான். கிழவர் இறந்துவிட்டார், பண்ணை யாருக்கு என்று குழப்பம், நகரத்திலிருந்து வரும் கால்நடை மருத்துவர் பெண், வாய் திறக்காத கௌபாய். அதெல்லாம் கிடக்கட்டும். எனக்குக் கன்று ஈனும் கொட்டகைக் காட்சிதான் தொண்டையில் நிற்கிறது.

பிப்ரவரி, இரவு இரண்டு மணி. தலையீற்றுக் கிடேரிக்குக் கன்று தலைமாறிக் கிடக்கிறது. அவன் கை முழங்கை வரை உள்ளே. "அலமாரியில் குறிப்பேடு இருக்கும், எடு" என்கிறான். சட்டைப்பையில் அடங்கும் அளவுக் குறிப்பேடு. அவள் தவறிப்போய்ப் பழைய குறிப்பேடுகளிலிருந்து 1987ஆம் ஆண்டினதை எடுத்துவிடுகிறாள். "47. கிடேரிக் கன்று. தானே ஈன்றது. பால் குடித்தது." நடுவில் கோடு இழுத்த அந்த 7 அவளுடைய அம்மாவின் 7. சிகாகோவைத் தாண்டியதே இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன அம்மா! அவன் நிமிர்ந்து பார்க்கிறான். கையை எடுக்கவில்லை. "கன்று வரட்டும், சொல்கிறேன்" என்கிறான்.

புத்தகத்தை அங்கேயே மூடிவிட்டேன். 1998இல் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் எங்கள் பழைய ரேஷன் கார்டு கிடைத்தது. வீட்டில் நாங்கள் நான்கு பேர், அதில் ஐந்து பெயர். அப்பாவிடம் நீட்டினேன். "சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்" என்றார். சாப்பிட்டோம்.

நாமக்கல் மாட்டு வைத்தியர்

நான் படித்தது மகளின் வற்புறுத்தலில். கன்றை இழந்த பசுவுக்குத் தாயில்லாக் கன்றைச் சேர்த்துவிடும் இடம் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. செத்த கன்றின் தோலை உரித்து அனாதைக் கன்றின் முதுகில் கட்டுவார்கள். பசு மோந்து பார்த்துத் தன் கன்றென்று ஏற்கும். சில நாளில் தோலை அவிழ்த்துவிடலாம், அதற்குள் பாசம் பிடித்துவிடும்.

எனக்கு உடனே தாத்தா வீட்டு வைக்கோல் கன்றுதான் நினைவுக்கு வந்தது, செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோல் திணித்துத் தைத்தது. பால்காரர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். எங்கள் செவலை நக்கி நக்கித் தையல் விட்டு, வைக்கோல் அதன் நாக்கில் ஒட்டியது. அந்த வைக்கோலையும் மென்று தின்றது. எனக்கு அப்போது ஏழு வயது. இரண்டு நாள் பால் குடிக்கவில்லை.

அங்கே தோல் பொய், உள்ளே இருக்கும் உயிர் மெய். இங்கே தோல் மெய், உள்ளே ஒன்றுமில்லை. நாவலில் அம்மா சொன்ன பொய் எந்த வகை என்று மகளிடம் கேட்டேன். "அப்பா, அது காதல் கதை" என்றாள்.

ரயிலில் படித்தவள்

மாம்பலத்தம்மா அந்தக் கௌபாயை ஒரு வார்த்தையும் குறை சொல்லாமல் விட்டது எனக்கு ஒப்பவில்லை. எட்டாம் அத்தியாயத்திலேயே அவனுக்கு எல்லாம் தெரியும். கொட்டகை வருவது பத்தொன்பதில். நடுவில் அவளோடு குதிரையேறுகிறான், நடனமாடுகிறான், முத்தமிடுகிறான். "உன் நன்மைக்காகத்தான்" என்கிற வசனம் வந்ததும் புத்தகத்தை எதிர் இருக்கையில் வீசிவிட்டேன். அங்கிருந்த அம்மாள் எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். காட்பாடியில் இறங்கும்போது கையோடு கொண்டுபோய்விட்டார். முடிவு இன்றுவரை எனக்குத் தெரியாது. தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம், அவன் மன்னிக்கப்பட்டிருந்தால் கோபம்தான் வரும்.

வயோமிங்கில் இருந்தவன்

முடிவைச் சொல்லவில்லை. ஆனால் பண்ணை நிலத்தடியில் எண்ணெய் இருப்பதை நாவலில் வரும் சித்தப்பா மறைத்துவைக்கிறாரே, அந்த விவகாரம் இடிக்கிறது. 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 640 ஏக்கர் வரை மேய்ச்சல் நிலம் கொடுத்த அமெரிக்க அரசு, அடியிலுள்ள கனிமத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. கதையில் வருவது அப்படிக் கிடைத்த நிலம்தான். புல் பண்ணைக்காரருக்கு, எண்ணெய் அரசுக்கு. சித்தப்பா எதை மறைத்தார்?

பக்கத்து மாநிலமான வயோமிங்கின் ஜில்லெட் நகரத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தேன். சூட்டுக்குறி போடும் நாளுக்கு ஒரு பண்ணையில் அழைத்தார்கள். அக்கம்பக்கத்தார் கூலி வாங்காமல் வந்து உழைப்பார்கள், சாப்பாடு மட்டும் உண்டு. நாளை இவர்கள் அங்கே போவார்கள். குதிரைமேல் இருந்து கயிறு வீசிக் கன்றின் பின்னங்காலைப் பிடித்து இழுப்பது மரியாதைக்குரிய வேலை, வீட்டுக்காரர் சொன்னால்தான் கயிற்றை எடுக்கலாம். எனக்குக் கன்றை அமுக்கிப் பிடிக்கும் வேலை. அன்று மூத்த மகன் கயிற்றோடு வந்து நின்றான். தந்தை அவனைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டார். யாரும் எதுவும் பேசவில்லை. மகன் கயிற்றைச் சுருட்டிச் சேணத்தில் மாட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து கன்றின் காலைப் பிடித்தான். என்ன நடந்ததென்று கேட்கும் துணிவு வரவில்லை. தீய்ந்த மயிர் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

நாவலில் பாதிதான் படித்தேன். உயிலை பைபிளுக்குள் ஒளித்துவைக்கும் இடத்தில் சிரிப்பு வந்து நிறுத்திவிட்டேன்.

மாம்பலம் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரேஷன் கார்டில் ஐந்தாவது பெயர் என்பது சாதாரண விஷயமில்லை. முதலில் மூலப்பத்திரத்தைத் தேடுங்கள். பிறகு வில்லங்கச் சான்று போடுங்கள், ஆனால் பதியாத உயில் அதில் தெரியாது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சாட்சிகள் எழுதுபவரைவிட இளையவர்களாக இருப்பது நல்லது, நாளை நீதிமன்றத்தில் வந்து சொல்ல ஆள் வேண்டுமே. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்து நம் மாநிலம் 1989இலேயே சட்டம் திருத்திவிட்டது, அப்போது திருமணம் ஆகியிருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை, 2005 மத்தியச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு திருமணமான மகளுக்கும் பங்கு உண்டு. வாரிசுச் சான்றில் அந்த ஐந்தாவது ஆள் இடம்பெறுவாரா என்பது தனிக் கேள்வி. அப்பா இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். பிறகு அலைய வேண்டியிருக்கும். நகல் எடுக்க மறக்காதீர்கள்.

மாம்பலம் வாசகி

ஐயா, நான் சொத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அப்பாவுக்கு எண்பத்தி மூன்று வயது. ஆங்கிலம் படிக்க மாட்டார். நேற்று மதியம் அவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன், கொட்டகை வரைக்கும். 47ஆம் எண், நடுவில் கோடு இழுத்த 7, எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "கன்று பிழைத்ததா?" என்றார்.

பிழைத்தது என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.