உதவி: ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ், நாலு மணி நேரத்துல ரெண்டே டர்ன்!

அறுகோணம்_7:
வணக்கம் மக்களே. நானும் மச்சானும் போன ஞாயிறு இந்த ஸ்டார் ட்ரெக் விண்கப்பல் சண்டை போர்டு கேமை முதல் தடவையா விரிச்சோம். என் கப்பல் ஃபெடரேஷன் ஹெவி க்ரூசர், அவனோடது கிளிங்கான் டி7. மத்தியானம் சாப்பிட்டுட்டு உட்கார்ந்தவங்க, விளக்கு போடுற நேரத்துக்கு ரெண்டு டர்ன்தான் தாண்டியிருந்தோம். மூணு பிரச்சனை:

எனர்ஜி ஷீட் (டர்னுக்கு டர்ன் கப்பலோட சக்தியை எதெதுக்குன்னு பங்கு போடுற தாள்) கணக்கே உதைக்குது. வேகம் 24 வெச்சு நாலு ஃபோட்டான் டார்பிடோவையும் ஓவர்லோட் பண்ணலாம்னு (கூடுதல் சக்தி ஏத்தலாம்னு) பார்த்தா பத்தவே மாட்டேங்குது.

ரேஞ்ச் 15ல, அதாவது 15 கட்டம் தள்ளி இருந்து, நாலு டார்பிடோ விட்டேன். நாலும் புஸ்.

மூணாவதுதான் ரொம்ப கடுப்பு. நான் 24 கட்டம் ஓடி முடிச்சதும் மச்சான் சாவகாசமா ஓட்டிட்டு வந்து என் பின்பக்கம் நிக்கிறான், ரெண்டு டர்ன்லயும். டி7 அவ்வளவு பலமான கப்பலா?

பழைய_பகடை:
தம்பி, மூணாவதுல இருந்து வர்றேன், ஏன்னா உங்க ஆட்டமே அங்கதான் கோணிப் போச்சு. "நான் ஓடி முடிச்சதும் அவன்"னு எழுதியிருக்கீங்க பாருங்க. இதுல யாரும் மொத்தமா ஓடி முடிக்கக் கூடாது! ஒரு டர்ன்ல 32 இம்பல்ஸ், அதாவது 32 குட்டிப் படி இருக்கு. எந்த வேகம் எந்தப் படியில நகரும்னு காட்டுற இம்பல்ஸ் சார்ட்டை நடுவுல வெச்சுக்கிட்டு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டே போகணும். வேகம் 16 கப்பல் ரெண்டு இம்பல்ஸுக்கு ஒரு கட்டம், வேகம் 8 கப்பல் நாலுக்கு ஒரு கட்டம். ரெண்டு கப்பலும் பின்னிப் பின்னித்தான் நகரும், எந்த இம்பல்ஸ்ல வேணும்னாலும் சுடலாம். நீங்க தாயம் மாதிரி ஆடியிருக்கீங்க. அப்படி ஆடினா கடைசியா நகர்றவன் முதுகுல ஏறத்தான் செய்வான்.

டி7 நல்லா வளையும், அது உண்மை. அதோட டர்ன் மோடு பி, உங்களுது டி. அதாவது திரும்புறதுக்கு முன்னாடி நீங்கதான் அதிக கட்டம் நேரா போகணும். அதனால அவனைச் சுத்தி வரப் பார்க்காதீங்க.

எனர்ஜிக்கு வருவோம். ஃபோட்டானுக்கு வார்ப் சக்தி, அதாவது பெரிய எஞ்சினோட சக்தி மட்டும்தான் செல்லும். நகர்றதும் கிட்டத்தட்ட முழுக்க வார்ப்தான். வேகத்துக்கு 24, ஓவர்லோடுக்கு டார்பிடோ குழாய்க்கு 4 வீதம் 16, ஆக 40. உங்க வார்ப் எஞ்சின் தர்றது 30. எப்படிப் பத்தும்? முதல் ஆட்டத்துக்கு இப்படி எழுதுங்க: லைஃப் சப்போர்ட் 1, ஃபயர் கன்ட்ரோல் 1, முழுக் கவசம் 2. இம்பல்ஸ் எஞ்சின்னு ஒரு சின்ன எஞ்சின் இருக்கு (மேல எண்ணச் சொன்ன இம்பல்ஸ் வேற), அதோட 4 புள்ளி அதுக்கே சரியா போயிடும். வார்ப்ல 16 வேகத்துக்கு, 8 நாலு ஃபோட்டானுக்கு, மிச்சம் 6 ஃபேசர்ங்கிற கதிர் ஆயுதத்துக்கு. ஃபோட்டான் நிரம்ப ரெண்டு டர்ன் ஆகும், அடுத்த டர்ன்லயும் அதே 8 போடணும், மறந்துடாதீங்க.

ரேஞ்ச் 15ல பகடையில 1 விழுந்தாத்தான் படும். ரேஞ்ச் 8க்குள்ள 1 முதல் 3 வரை, 4க்குள்ள 1 முதல் 4 வரை. ரெண்டு டர்ன் சேர்த்து வெச்சதை ஆறுல ஒரு வாய்ப்புக்கு வீசலாமா?

கோடையிடி:
எதுக்கு இவ்வளவு அவஸ்தை? இதே கப்பல்களோட 2005ல ஃபெடரேஷன் கமாண்டர்னு வந்துச்சு, டர்னுக்கு 8 இம்பல்ஸ்தான். முன்கூட்டி எனர்ஜி பங்கு போடுற ஷீட்டே கிடையாது, ஆடும்போதே செலவு பண்ணிட்டுப் போகலாம்.

பழைய_பகடை:
நல்ல ஆட்டம்தான், குறை சொல்லல. ஆனா எனக்கு அந்த ஷீட்தான் ருசியே. அடுத்த டர்ன்ல எதிராளி என்ன செய்வான்னு நினைச்சு இப்பவே பென்சிலால எழுதி மாட்டிக்கிறோம் பாருங்க, அது இதுலதான் இருக்கு. 1979ல ஜிப்லாக் கவர்ல வந்த சின்ன ஆட்டம், இன்னிக்கு விதிப் புத்தகத்தைத் தூக்க ரெண்டு கை வேணும். அதனால தம்பி, முழுப் புத்தகத்தையும் படிக்காதீங்க. கேடட் ட்ரெய்னிங் ஹேண்ட்புக் இலவச பிடிஎஃப்பா கிடைக்குது. அது விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டும். ட்ரோன், ட்ராக்டர், ட்ரான்ஸ்போர்ட்டர்னு வர்ற விதி எல்லாத்தையும் ஓரம் கட்டிட்டு ரெண்டு ஆட்டம் ஆடுங்க.

அறுகோணம்_7:
அண்ணா, தாயம்னு சொன்னதும் மச்சான் விழுந்து விழுந்து சிரிச்சான். நேத்து ராத்திரி திரும்ப ஆடினோம். இம்பல்ஸை நான் சத்தமா எண்ண, அவன் காயைத் தள்ளினான். ஒரு டர்ன் முக்கால் மணி நேரம்தான். நேரா அவன் மூஞ்சியைப் பார்த்தே போனேன். ரெண்டாவது டர்ன்ல ரேஞ்ச் 4. மூணு ஃபோட்டான் பட்டுச்சு, தலா 8, ஆக 24. ஃபேசர் 16. அவன் முன் கவசம் 30 போக 10 புள்ளி உள்ள இறங்குது. அப்படியே எழுதி வெச்சுட்டுப் படுத்துட்டோம். இப்ப அந்த 10க்கும் தனித்தனியா பகடை போடணுமா, ஒரே வீச்சா?

பழைய_பகடை:
தனித்தனியா. புள்ளிக்கு ரெண்டு பகடை, மொத்தம் பத்து தடவை, டேமேஜ் சார்ட்ல பார்த்துப் பார்த்து அடிக்கணும். பகடையை மச்சான் கையிலயே குடுங்க. தன் கப்பலைத் தானே உடைக்கட்டும்.