மேகசின் ஒரிஜினலா டூப்ளிகேட்டா: முத்திரையைப் பார்ப்பதா, உதட்டைப் பார்ப்பதா?

கொல்லங்கோடு வயல்காரன்
அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு லைசென்ஸ் மாற்றி வந்த வால்தர் பிபி பிஸ்டல், .32 அளவு. அதன் பழைய மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டியில், ஸ்பிரிங் தளர்ந்துபோச்சுங்க. ஒரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லிப் புதுசு கொடுத்தார்கள். பக்கவாட்டில் வால்தர் கொடி முத்திரை பளிச்சென்று இருக்கு. ஆனால் எட்டுத் தோட்டா போகணும், ஏழாவதிலேயே கட்டைவிரல் நோகுது. கிளப்பில் சுட்டால் மூன்றாவது தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நிற்குது. முத்திரை இருந்தும் டூப்ளிகேட்டாக இருக்குமா?

வாளையார் ஷூட்டர்
அவசரப்படாதீங்க அண்ணா. .32 தோட்டாவின் பின்விளிம்பு சற்றே வெளியே நீண்டிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். மேகசின் மேல் குற்றமே இல்லாமல் இருக்கலாம்.

முத்திரைதான் முதல் சாட்சி என்பது என் கட்சி. ஜெர்மன் பிஸ்டல் லூகர் பி08-இன் மேகசினை எடுத்துக்கோங்க. முதலில் தகட்டை மடித்துச் செய்த உடல், மர அடிப்பாகம். பிறகு அலுமினியம் வந்தது. 1930களின் கடைசியில் ஹேனல் நிறுவனம் மடிப்பே இல்லாத எஃகு உடலைக் கொண்டுவந்தது, போர்க்காலத்தில் அதன் குறியீடு எஃப்எக்ஸ்ஓ. துப்பாக்கி எண் அடிப்பாகத்தில் இருக்கும், உபரி மேகசின் என்றால் எண்ணோடு ஒரு கூட்டல் குறி. எழுத்தைப் படிக்காமல் இதையெல்லாம் எப்படிப் பிரிப்பீங்க?

கொழிஞ்சாம்பாறை ஆர்மரர் (ஓய்வு)
தம்பி, எழுத்தைக் குத்துவதற்கு ஒரு அச்சு போதும். போருக்குப் பிறகு பிரான்சில் மானுரின் நிறுவனம் உரிமம் வாங்கி இதே பிபி செய்தது. அதில் வால்தர் கொடி இல்லை என்பதற்காக டூப்ளிகேட் என்பீங்களா?

நான் சர்வீஸில் பார்த்தது இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 எம்எம் 1ஏ பிஸ்டல், பிரவுனிங் ஹைபவர் குடும்பம். 1935க்கு முன்னால் பிஸ்டல் மேகசின் என்றால் பெரும்பாலும் ஒற்றை வரிசைதான், கோல்ட் 1911-இல் ஏழு தோட்டா. ஹைபவரில் கீழே இரண்டு வரிசை, மேலே வந்ததும் ஒன்றாகச் சேரும், பதின்மூன்று தோட்டா. அந்தக் குறுகும் இடம்தான் உயிர். அங்கே ஒரு நசுங்கல் விழுந்தால் போதும், எந்த முத்திரையும் காப்பாற்றாது. எத்தனை மேகசின்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருப்பேன்!

முதலில் உதட்டைப் பாருங்க, அதாவது மேகசின் வாயில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு பக்க விளிம்புகளை. இரண்டு பக்கமும் ஒரே உயரமா? உள் விளிம்பில் நகத்தை ஓட்டினால் பிசிறு தட்டுதா? காலி மேகசினில் ஃபாலோவரை, அதாவது தோட்டாக்களைக் கீழிருந்து தள்ளும் தட்டை, அழுத்தி விட்டால் கோணாமல் நேராக ஏறி வருதா?

வாளையார் ஷூட்டர்
பிளாஸ்டிக் மேகசினில் என்ன செய்வீங்க சார்? 1982-இல் வந்த கிளாக் 17-இன் ஆரம்ப மேகசினில் உள்ளே இரும்பு முழுதாகச் சுற்றி வராது. நிரப்பினால் பக்கம் புடைக்கும், பட்டனை அழுத்தினாலும் தானாக விழாது. பின்னால் முழு இரும்பு உறை வந்தது. விவரம் தெரியாதவன் பழைய ஒரிஜினலையே டூப்ளிகேட் என்று தள்ளிவிடுவான். எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரிந்தால்தான் வேலைப்பாட்டையே எடைபோட முடியும்.

கொழிஞ்சாம்பாறை ஆர்மரர் (ஓய்வு)
அது சரி, ஒத்துக்கறேன். காலம் தெரியணும். ஆனால் அந்தக் காலத்தைக்கூட நீங்க முத்திரையிலிருந்து சொல்லலை தம்பி, உள்ளே இருக்கிற இரும்பிலிருந்து சொன்னீங்க.

வயல்காரரே, பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்க. தோட்டா எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கொல்லங்கோடு வயல்காரன்
பார்த்துட்டேன் சார். பழசில் உதட்டோரம் விரலுக்கு வழவழவென்று இருக்கு, இரண்டு பக்கமும் சமம். புதுசில் வலது உதடு கண்ணுக்கே தெரிகிற அளவு தாழ்ந்திருக்கு, உள்ளே பிசிறு நகத்தைப் பிடிக்குது. ஃபாலோவர் பாதி வழியில் முன்பக்கம் சாய்ந்து நின்னுடுது. கொடி முத்திரையைச் சுற்றி மட்டும் தகடு பள்ளமாக இருக்கு, பாலிஷுக்குப் பிறகு குத்தியிருக்காங்க போல.

ஷூட்டர் தம்பி சொன்ன பூட்டிக்கொள்வதையும் சோதித்தேன். அதே தோட்டாக்களைப் பழசில் ஐந்தே ஐந்து போட்டுக் கிளப்பில் சுட்டேன், ஒன்றுகூட நிற்கலை.

பில் கையில் இருக்கு. திங்கட்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போறேன்.

வாளையார் ஷூட்டர்
போகும்போது லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்துக்கோங்க அண்ணா. அந்தப் பள்ளத்தை வெளிச்சத்தில் சாய்த்து ஒரு படம் பிடித்துப் போடுங்க, நானும் பார்க்கணும்.